சரக்குந்துச் சிற்றுருக் கலை

முன்னுரை

பெரியதொன்றைக் கண்டு வியந்த மனிதன் அதனைச் சிறியதாகச் செய்து தன் கையில் வைத்துப் பார்க்க விழைகிறான். இவ்விழைவு இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஹரப்பா நாகரிக ஊர்களின் அகழாய்வில் சுடுமண்ணால் ஆன சிறு வண்டிகள் கிடைத்துள்ளன. ஏறிச் செல்வதற்கன்றி உருட்டி விளையாடுவதற்கென்றே செய்யப்பட்ட சிறுதேரையும் அதனை உருட்டும் சிறுவரையும் பெரும்பாணாற்றுப்படை நமக்குக் காட்டுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிறுதேர்ப் பருவமும் ஒன்று என்பதைத் தமிழ் மாணவர் அறிவர்.

தேர் சென்ற வழியில் இன்று சரக்குந்து செல்கிறது. லாரி என்று நாம் அன்றாடம் வழங்கும் அவ்வூர்தியை அளவு பிசகாமல் சிறியதாகச் செய்யும் கலை, உலகின் பல நாடுகளில் ஒரு முதிர்ந்த பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. கடையில் வாங்கிய பெட்டியில் உள்ளதை உள்ளவாறே ஒட்டி முடிப்பது அதன் முதற்படி. பெட்டியில் இல்லாத ஒரு குறிப்பிட்ட வண்டியைத் தன் கண்ணாலும் கையாலும் உருவாக்குவதே அதன் உயர்படி. அவ்வுயர்படியின் இயல்பையும் வரலாற்றையும் செய்முறையையும் பயனையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொம்மையும் சிற்றுருவும்

பொம்மை வேறு, சிற்றுரு வேறு. பொம்மை லாரியில் சக்கரம் சற்றுப் பெரிதாக இருந்தாலும் கதவு சற்றுக் குறுகியிருந்தாலும் குழந்தை வருந்துவதில்லை. சிற்றுருவிலோ எல்லா உறுப்புகளும் ஒரே வீதத்தில் சுருங்கியிருத்தல் வேண்டும். 24இல் ஒன்று என்று வீதம் கொண்டால் மெய்யான வண்டியின் 24 மில்லிமீட்டர் சிற்றுருவில் ஒரு மில்லிமீட்டர் ஆகும். அடி, அங்குல முறையில் கூறின், ஓர் அடிக்கு அரை அங்குலம். அமெரிக்கச் சரக்குந்துச் சிற்றுருக்கள் பெரும்பாலும் 25இல் ஒன்று என்னும் வீதத்திலும், ஐரோப்பியச் சிற்றுருக்கள் பெரும்பாலும் 24இல் ஒன்று என்னும் வீதத்திலும் அமைகின்றன. தொடர்வண்டிச் சிற்றுருக்களுடன் வைக்கப்படும் மிகச் சிறிய வண்டிகளுக்கு 87இல் ஒன்று என்பது வழக்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சரக்குந்தின் பொதுவான அகல வரம்பு 2.55 மீட்டர். 24இல் ஒன்றாகச் சுருக்கினால் அது 106 மில்லிமீட்டர். ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம். இழுவண்டியும் அதன் பின்னிணைப்பும் சேர்ந்த 16.5 மீட்டர் நீளம் 687 மில்லிமீட்டராகும். அதற்கு ஒரு மேசையே வேண்டும்.

நீளம் 24 மடங்கு குறையும்போது கன அளவு 13,824 மடங்கு குறைகிறது. 24ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது அவ்வெண். ஏழு டன் எடையுள்ள ஓர் இழுவண்டியை அதே பொருள்களால் அதே விகிதத்தில் சுருக்க இயலுமாயின், அதன் எடை அரைக் கிலோவே இருக்கும். வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது மனத்தில் பதியாத இக்கணக்கு, கையில் ஒரு சிற்றுருவை ஏந்தும்போது எளிதில் விளங்கிவிடுகிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

இக்கலை விளையாட்டிலிருந்து மட்டும் பிறக்கவில்லை, வணிகத்திலிருந்தும் பிறந்தது. இங்கிலாந்தில் 1939இல் தொடங்கப்பட்ட ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், 1949இல் ஃபெர்குசன் டிராக்டரின் சிற்றுருவைச் செய்து கொடுத்தது. விற்பனையாளர்கள் டிராக்டரைத் தூக்கிச் செல்ல இயலாது. சிற்றுருவை எடுத்துச் சென்று காட்ட இயலும். அமெரிக்காவில் 1948இல் தோன்றிய ஏ.எம்.டி. நிறுவனமும் கார் விற்பனையாளர்கள் வாடிக்கையாளர்க்குக் காட்டுவதற்கான சிற்றுருக்களைச் செய்தே வளர்ந்தது.

அந்நிறுவனம் 1958இல் ஒரு புதுமையைச் செய்தது. ஒரே பெட்டியில் மூவகை உறுப்புகளை வைத்தது. வண்டியை ஆலையிலிருந்து வந்தவாறே செய்யலாம். பந்தய வண்டியாகச் செய்யலாம். அன்றித் தன் விருப்பப்படி மாற்றியும் செய்யலாம். வாங்குபவன் வெறுமனே ஒட்டுபவன் என்னும் நிலை மாறி, எதைச் செய்வது என்று தீர்மானிப்பவனாக ஆனான். விருப்பப்படி மாற்றியமைக்கும் மரபு பரவுவதற்கு இது பெரிதும் துணைசெய்தது எனலாம்.

1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதே நிறுவனம் பீட்டர்பில்ட் 359 என்னும் நெடுமூக்குச் சரக்குந்தின் 25இல் ஒன்று சிற்றுருவை வெளியிட்டது. நெடுஞ்சாலைச் சரக்குந்து ஓட்டுநரைத் தலைவராகக் கொண்ட பாடல்களும் திரைப்படங்களும் அமெரிக்காவில் பெருகிய காலம் அது. இத்தாலியின் இத்தாலேரி நிறுவனம் ஐரோப்பியச் சரக்குந்துகளைத் தந்தது. ஜப்பானில் ஷிசுவோகா நகரின் தமியா நிறுவனம் 1993இல் 14இல் ஒன்று வீதத்தில், மின்பொறியும் மூன்று வேகப் பல்சக்கரப் பெட்டியும் கொண்டு தொலைவிலிருந்து இயக்கத்தக்க ‘கிங் ஹாலர்’ என்னும் சரக்குந்தை வெளியிட்டது. ஒட்டி நிறுத்தும் சிற்றுரு அத்துடன் ஓடவும் தொடங்கிற்று.

ஜப்பானில் இன்னொரு வகையும் உண்டு. வண்ண விளக்குகளும் பளபளக்கும் தகடுகளும் ஓவியங்களும் நிறைந்த அந்நாட்டு அலங்காரச் சரக்குந்துகள், 1975 முதல் 1979 வரை வெளிவந்த பத்துத் திரைப்படங்களால் பெரும்புகழ் பெற்றன. அவற்றை 32இல் ஒன்று வீதத்தில் அஓஷிமா நிறுவனம் சிற்றுருத் தொகுதிகளாக வழங்கியது. ஓட்டுநர் தம் வண்டியை அலங்கரித்தார். அவ்வலங்காரத்தைச் சிறுவன் தன் மேசைமேல் மீண்டும் செய்தான்.

ஒவ்வொரு சரக்குந்தும் தனித்தன்மை உடையது

கார் சிற்றுருவுக்கும் சரக்குந்துச் சிற்றுருவுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. ஒரே ஆண்டில் ஒரே ஆலையில் வந்த இரு கார்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். சரக்குந்து அவ்வாறன்று. மரவணிகரான பீட்டர்மன் என்பவர் காட்டு மரம் ஏற்றுவதற்கேற்ற வண்டி வேண்டி 1939இல் தொடங்கியதே பீட்டர்பில்ட் நிறுவனம். ஒரு தொழிலின் தேவையிலிருந்து பிறந்த அந்நிறுவனம், வாங்குபவர் கேட்ட பொறி, கேட்ட பல்சக்கரப் பெட்டி, கேட்ட அச்சு இடைவெளி ஆகியவற்றை வைத்தே வண்டி கட்டித் தந்தது. மரம் ஏற்றுபவருக்கு ஒன்று. பால் ஏற்றுபவருக்கு வேறொன்று. தொலைதூரம் ஓட்டிச் சாலையோரத்தில் உறங்குபவருக்குப் படுக்கையறை கொண்ட மற்றொன்று.

எனவே கடைப்பெட்டியில் கிடைப்பது ஒரு பொதுவான வண்டி. சாலையில் ஓடுவதோ ஒரு குறிப்பிட்ட மனிதரின் வண்டி. தந்தை ஓட்டிய வண்டியையோ தம் ஊர் வழியே நாள்தோறும் சென்ற வண்டியையோ செய்ய விரும்புபவர் பெட்டியைத் தாண்டிச் சென்றே ஆகவேண்டும். சரக்குந்தைச் சிறியதாகச் செய்வதற்கு முன் அதனைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று நாம் கூறுவது இதனாலேயே.

செய்முறை

முதற்பணி அளத்தல். உரிமையாளரின் இசைவு பெற்று, நிற்கும் வண்டியை நாடா கொண்டு அளக்கலாம். அளக்க இயலாதபோது நிழற்படம் உதவும். வண்டியின் பக்கவாட்டில் நேராக நின்று எடுத்த படமாயின், தெரிந்த ஓர் அளவைக் கொண்டு தெரியாத அளவுகளைக் காணலாம். 10.00-20 என்று பொறிக்கப்பட்ட டயரின் விட்டம் ஏறத்தாழ 1,050 மில்லிமீட்டர். படத்தில் டயர் 21 மில்லிமீட்டரும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தொலைவு 84 மில்லிமீட்டரும் இருந்தால், அத்தொலைவு டயரைப்போல் நான்கு மடங்கு; அதாவது 4,200 மில்லிமீட்டர். 24இல் ஒன்றாகச் செய்தால் 175 மில்லிமீட்டர். இஃது எட்டாம் வகுப்பு விகிதக் கணக்கேயன்றி வேறன்று.

இரண்டாவது பணி சேசிஸ் எனப்படும் அடிச்சட்டம். பெட்டியில் வந்த சட்டம் குறுகியதாயின், இரு பக்கச் சட்டங்களையும் அறுத்து, இடையே பாலிஸ்டைரீன் பட்டைகளை வைத்து நீட்ட வேண்டும். மெய்யான வண்டியில் ஒரு மீட்டர் நீட்டம், 25இல் ஒன்றில் 40 மில்லிமீட்டர். சட்டம் நீண்டால் பொறியிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் சுழல்தண்டும் நீள வேண்டும். எரிபொருள் தொட்டியின் இடம் மாறும். காற்றுத்தடைக் குழாய்களும் நீளும். ஒரு மாற்றம் பல மாற்றங்களை வேண்டி நிற்கும். இதனை மறந்து சட்டத்தை மட்டும் நீட்டியவரின் சிற்றுருவைச் சரக்குந்து ஓட்டுநர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில், இவ்வண்டி ஓடாது என்று சொல்லிவிடுவார்.

சட்டத்தை ஒட்டும்போது தட்டையான கண்ணாடிப் பலகையின்மேல் வைத்து ஒட்டுதல் நல்லது. மரமேசை கண்ணுக்குத் தெரியாமல் வளைந்திருக்கக்கூடும். பத்துச் சக்கர வண்டியில் ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் நின்றால் பிறகு எத்துணை அழகாக வண்ணம் பூசினும் அக்குறை மறையாது.

மூன்றாவது பணி கேபினும் சரக்குக் கூண்டும். அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள பாலிஸ்டைரீன் தகட்டின்மேல் இரும்பு அளவுகோலை வைத்துக் கத்தியால் இருமுறை கீறி மடக்கினால், தகடு கீறிய கோட்டில் நேராக ஒடியும். இதனை ஒட்டப் பயன்படும் நீர்மப்பசை சாதாரணப் பசையன்று. அது இரு விளிம்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிப் போகும். இரும்பைப் பற்றவைப்பது போன்றது. உலோகம், ரப்பர் முதலியவற்றைப் பிளாஸ்டிக்குடன் இணைக்க வேறு பசைகள் தேவை.

ஒரே உறுப்பு பத்து வேண்டுமெனில் ஒன்றைச் செம்மையாகச் செய்து, அதன்மேல் சிலிகோன் ரப்பரை ஊற்றி அச்செடுத்து, அதில் பிசின் வார்த்துப் படிகள் எடுப்பர். இப்போது கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சுப்பொறியில் உறுப்பெடுப்பாரும் பெருகியுள்ளனர். கருவி மாறினும், சரியான அளவைக் கணினிக்குச் சொல்ல வேண்டியவர் அளந்து வந்த மனிதரே.

நான்காவது பணி நுண்ணுறுப்புகள். இங்குப் பணத்தைவிடக் கண்ணே பெரிது. குண்டூசியின் தலை தகட்டாணியாகிறது. கித்தாரின் சுருள்கம்பி குழாயாகிறது. குளிர்பானக் கலத்தின் அலுமினியத் தகடு சேறுதடுப்பாகிறது. அமெரிக்க இழுவண்டியிலிருந்து பின்னிணைப்புக்குச் செல்லும் காற்றுக் குழாய்களில் ஒன்று சிவப்பு, மற்றொன்று நீலம். அவ்வண்ணம் மாறாமல் மெல்லிய கம்பிகளை இணைப்பர்.

இறுதிப் பணி வண்ணம். இணைப்புகளில் பட்டி பார்த்து, 400, 600, 1000 எண்ணுள்ள உப்புத்தாள்களால் முறையே தேய்த்து, பிரைமர் பூசி, அதன்மேல் வண்ணத்தை மெல்லிய படலங்களாகத் தெளிக்க வேண்டும். வண்ணத்திற்குப் பின் பெயரெழுத்துகளை நீரில் நனைத்து ஒட்டும் படத்தாள்களாக இடுவர். கரைப்பான்களும் தெளிவண்ணமும் நச்சாவி உடையவை. பிசினைத் தேய்க்கும் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. சன்னல் திறந்த அறையும் முகக்கவசமும் இன்றி இப்பணியில் இறங்கலாகாது. கத்தி எப்போதும் நம் கையை நோக்கி வராமல் அப்பால் செல்ல வேண்டும்.

அளவின் எல்லை

எல்லாவற்றையும் ஒரே வீதத்தில் சுருக்க வேண்டும் என்றோம். ஆயினும் சில இடங்களில் அஃது இயலாது. மெய்யான கேபினின் தகடு 1.2 மில்லிமீட்டர் தடிப்பென்றால், 24இல் ஒன்றில் அது 0.05 மில்லிமீட்டராகும், எழுதும் தாளின் தடிப்பில் பாதி. அத்தகைய தகட்டால் கேபின் நில்லாது. எனவே தகட்டைத் தடிப்பாகவே வைத்து, கண்ணுக்குத் தெரியும் விளிம்பை மட்டும் உட்புறமாகச் சீவி மெல்லியதாகக் காட்டுவர்.

வண்ணமும் அவ்வாறே. கப்பல் போன்ற வண்டியில் செம்மையாகத் தோன்றும் அடர்சிவப்பு, கையளவு வண்டியில் கருமையாகத் தோன்றும். சற்று வெளிற்றிப் பூசினால்தான் இயல்பாகத் தெரியும். தூசியும் துருவும் இடுவதில் அளவறிதல் இன்னும் தேவை. தார்ச்சாலை வண்டிக்குச் சேறு எங்கே படியும், சுரங்க வண்டிக்கு எங்கே படியும் என்று பார்த்தறியாதவர் வண்டி முழுவதும் பழுப்பைப் பூசிவிடுவர். உண்மையை உள்ளபடி சுருக்குவது கணக்கு. உண்மை போலத் தோன்றச் செய்வது கலை. இரண்டும் கூடுமிடத்தில் சிற்றுரு பிறக்கிறது.

பொழுதுபோக்கும் கல்வியும்

இத்துணை நேரத்தைப் பாடத்தில் செலுத்தலாகாதா என்று பெரியோர் வினவுவது இயல்பு. மாதக்கணக்கில் உழைத்துச் செய்த ஒன்று சரக்கும் ஏற்றாது, சம்பளமும் தராது. எனினும் வரலாற்றில் இவ்வினாவுக்கு ஒரு நல்ல விடை உள்ளது.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூடுகட்டும் பிரிவான ஃபிஷர் பாடி, 1930 முதல் 1968 வரை இளைஞர்க்கான கைவினைஞர் கழகம் ஒன்றை நடத்தியது. முதலில் பழங்கால அரசக் குதிரைவண்டியின் சிற்றுருவையும், பின்னர்த் தாமே கற்பனை செய்த காரின் 12இல் ஒன்று சிற்றுருவையும் செய்து அனுப்ப வேண்டும். சிறந்தவர்க்குப் பல்கலைக்கழக உதவித்தொகை வழங்கப்பட்டது. அதில் பங்குபெற்றோர் பலர் பிற்காலத்தில் கார் நிறுவனங்களின் வடிவமைப்பாளர்களாக உயர்ந்தனர். மேசைமேல் செய்த சிறுவண்டி அவர்களுக்குப் பெரிய ஆலையின் கதவைத் திறந்தது. அக்கழகம் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே இடமளித்தது என்பது அதன் குறை. அக்குறையை நம் கல்விக்கூடங்கள் பின்பற்ற வேண்டியதில்லை.

நம்மிடையே கைத்திறன் உள்ள மாணவனைப் படிப்பில் பின்தங்கியவன் என்று ஒதுக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. வினாத்தாளில் விகிதக் கணக்கைத் தவறவிட்ட ஒருவன் அட்டையில் பேருந்து செய்யும்போது அதே விகிதத்தைப் பிழையின்றிக் கையாள்வதை ஆசிரியர் பலர் அறிவர். அவன் அறியாதது கணக்கன்று, கணக்கின் பயன். அதை அவனுக்குக் காட்டும் கடமை நம்முடையது.

நம் பட்டறைகளும் மறையும் கலையும்

சரக்குந்து ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையது என்பதற்கு நம் தமிழகத்தைக் காட்டிலும் சிறந்த சான்று அரிது. நாமக்கல்லும் அதன் சுற்றுப்புறமும் சரக்குந்துக்குப் பாடி கட்டும் தொழிலால் பெயர் பெற்றவை. பொறியும் அடிச்சட்டமும் முன்தகடும் மட்டுமே ஆலையிலிருந்து வர, கேபினையும் கூண்டையும் பட்டறைத் தச்சரும் கொல்லரும் கட்டி முடிப்பது நெடுநாள் வழக்கம். நெற்றிப் பலகையின் வளைவு, கதவின் ஓவியம், பின்பலகையின் வாசகம், உரிமையாளர் விரும்பி எழுதிய தெய்வப் பெயர் அல்லது 786 என்னும் எண் ஆகிய யாவும் பட்டறைக்குப் பட்டறை வேறுபடும். அவற்றிற்குப் பெரும்பாலும் வரைபடம் இல்லை, கைப்பழக்கமே வரைபடம்.

இந்நிலை மாறிவருகிறது. ஆலையிலேயே முழுமையாகக் கட்டிய கேபின்களுடன் வரும் வண்டிகள் பெருகிவிட்டன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்குந்துகளின் கேபினில் குளிரூட்டும் வசதி இருத்தல் வேண்டும் என்று நடுவண் அரசு 2023 டிசம்பரில் விதி வகுத்தது. வெயிலில் வெந்த ஓட்டுநர்க்கு இது நன்மையே. அதை யாரும் மறுக்கமாட்டார். ஆனால் மரச்சட்டமிட்டுக் கட்டிய பழைய கேபின், உடைக்கும் இடத்திற்குச் செல்லுமுன் எங்கேனும் பதிவு பெறுதல் வேண்டாவா?

பெரிய வண்டியைக் காட்சியகத்தில் வைக்க இடமும் பொருளும் வேண்டும். 24இல் ஒன்றாகச் செய்த சிற்றுருவுக்கு ஓர் அலமாரித் தட்டு போதும். வெளிநாட்டுத் தொகுதிகளை வாங்க இயலாத இளைஞர் பலர், தமிழகத்திலும் கேரளத்திலும், தடித்த அட்டையாலும் ஃபோம் ஷீட் எனப்படும் நுரைப் பலகையாலும் நம் சாலையில் ஓடும் பேருந்துகளையும் லாரிகளையும் செய்துவருகின்றனர். நம் ஊர் லாரிக்குப் பெட்டித் தொகுதி இல்லாமையே அவர்களை முதலிலிருந்து தாமே செய்பவராக ஆக்கியது. அவர்கள் தம்மை அறியாமலே ஆவணப் பணியைச் செய்கின்றனர். செய்த வண்டியின் அடியில் அது எந்தப் பட்டறையில் எந்த ஆண்டு கட்டிய வண்டியின் உரு என்று ஒரு சீட்டு ஒட்டினால் அப்பணி முழுமை பெறும்.

தமிழ்த்துறைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒரு கேபினைச் செய்ய முனைபவன் அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் பட்டறையில் என்ன பெயர் என்று கேட்டாக வேண்டும். அகராதியில் ஏறாத அச்சொற்கள் முதிய கைவினைஞரின் நாவில்தான் வாழ்கின்றன. வண்டியுடன் சொல்லும் போய்விடும்.

முடிவுரை

சரக்குந்துச் சிற்றுரு என்பது அளத்தல், பொறுத்தல், கூர்ந்து நோக்கல் ஆகிய மூன்றையும் ஒருங்கே பயிற்றும் கலை என்பதையும், பெட்டியில் இல்லாததைச் செய்ய முனையும்போதே அது கல்வியாக மலர்கிறது என்பதையும், மறைந்துவரும் ஒரு தொழில்மரபைக் காக்கவும் அது துணைசெய்யும் என்பதையும் இதுவரை கண்டோம். தொடங்குவதற்குப் பெருஞ்செலவு வேண்டா. ஓர் அளவு நாடா, ஓர் இரும்பு அளவுகோல், ஒரு கத்தி, பழைய அட்டை ஆகியவை போதும். விருப்பமுள்ள மாணவ மாணவியர் தம் ஊர்ப் பட்டறை ஒன்றிற்குச் சென்று, அங்குள்ள மூத்த கைவினைஞரிடம் முறையாகக் கேட்டு, ஒரு வண்டியை அளந்து எழுதிக்கொண்டு வரட்டும். அவ்வண்டியின் உறுப்புப் பெயர்களையும் அவர் சொல்லியவாறே குறித்துக்கொள்ளட்டும். சிற்றுரு அதன்பின் செய்யலாம். அளந்த ஏடு இருக்கும்வரை அவ்வண்டி முற்றிலும் மறைந்துபோகாது.